சுண்டை, மணத்தக்காளி வற்றல்: பறிப்பதிலிருந்து டப்பாவில் அடைப்பது வரை

முதன்முதலாக வற்றல் போடுகிறவர்களுக்கு நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். மூன்று நாள் வெயிலில் காயவைத்து, மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கிறது என்று டப்பாவில் போட்டு மூடிவிடுவார்கள். இருபதாம் நாள் திறந்தால் பூஞ்சை வாடை. காய் மேலே காய்ந்திருக்கும், உள்ளே விதையைச் சுற்றி ஈரம் இருக்கும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த உள் ஈரத்தைப் பற்றித்தான். அதை ஒழித்துவிட்டால் வற்றல் ஒரு வருடம் அசையாது.

1. எந்தக் காய், எந்த மாதம்

சுண்டையில் இரண்டு வகை உண்டு. வீட்டுக் கொல்லையில் வளரும் நாட்டுச்சுண்டை கொஞ்சம் பெரிது, கசப்பு குறைவு. கூட்டுக்கும் சாம்பாருக்கும் நல்லது. காட்டுச்சுண்டை சிறிது, கசப்பு அதிகம், தோல் கெட்டி. வற்றலுக்கு இதுதான் எடுக்கும். மலையடிவாரச் சந்தைகளில் படி கணக்கில் கிடைக்கும்.

காய் பச்சையாக, அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். ஒன்றைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே விதை வெள்ளையாகவும் நகத்தில் நசுங்குகிற மாதிரியும் இருந்தால் சரியான பருவம். மஞ்சள் ஓடத் தொடங்கிய காயில் விதை முற்றியிருக்கும். வற்றல் வறுத்த பிறகு பல்லில் மணல் மாதிரி அகப்படும். அதை என்ன செய்தாலும் சரிசெய்ய முடியாது.

செடி வருடம் முழுக்கக் காய்க்கும். ஆனால் வற்றலுக்கு நாள் குறிப்பது வெயில்தான். பங்குனி நடுவிலிருந்து வைகாசி வரை உத்தமம். ஆடியில் வெயில் இருந்தாலும் காற்றில் மண் பறக்கும். மெல்லிய துணி போர்த்தாமல் வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கவே வேண்டாம். நான்காம் நாள் மழை பிடித்துக்கொண்டால் போட்ட தயிரும் போச்சு, காயும் போச்சு.

நீங்களே பறிப்பதாக இருந்தால் இரண்டு விஷயம். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைந்து பறிப்பது சட்டப்படி தவறு. சிறு வன மகசூல் சேகரிக்கும் உரிமை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி பழங்குடியினருக்கும் காட்டைச் சார்ந்து வாழ்கிற மற்ற மக்களுக்கும் உரியது. அவர்களிடம் விலை கொடுத்து வாங்குவதே முறை. வேலியோரம், புறம்போக்கு என்றால் பக்கத்து வயலில் களைக்கொல்லி அடித்தார்களா என்று கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

2. பறித்த அன்றே காம்பு, அன்றே கீறல்

காயை இரவு முழுக்கக் கூடையில் வைத்தால் வெதும்பும். வாங்கிய அன்றே காம்பு கிள்ளி, இரண்டு தண்ணீரில் அலசுங்கள். காம்பிலும் தண்டிலும் முள் இருக்கும், பார்த்து.

அடுத்தது நசுக்குவது. இதைத் தவிர்ப்பவர்கள் வற்றலைக் கெடுக்கிறார்கள். முழுக் காயின் தோல் வழியாக உப்பும் உள்ளே போகாது, ஈரமும் வெளியே வராது. ஒவ்வொரு காயும் ஒரு பக்கம் பிளந்திருக்க வேண்டும். அம்மியில் பத்துப் பத்தாக வைத்துக் குழவியால் ஒரு தட்டு. அல்லது அடி கனமான டம்ளரால் ஓர் அழுத்து. காய் வாய் திறக்க வேண்டும், கூழாகக் கூடாது. விதை தெறிக்கும், அதனால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கையில் கறை ஏறும். எண்ணெய் தடவிக்கொண்டால் கழுவும்போது போய்விடும்.

நசுக்கிய காய் காற்றில் நின்றால் சில நிமிடங்களில் பழுப்பாகும். பக்கத்திலேயே உப்புத் தண்ணீர்ப் பாத்திரம் வைத்து, நசுக்க நசுக்க அதில் போடுங்கள். கசப்பு பிடிக்காத வீடு என்றால் அந்தத் தண்ணீரிலேயே கையால் அலசி, மிதந்து வரும் விதையில் பாதியைக் கொட்டிவிடலாம். முழுவதும் கொட்டினால் வெறும் தோல்தான் மிஞ்சும்.

3. மோரில் ஊறல்: அளவு தவறினால் எல்லாம் தவறும்

காம்பு நீக்கிய காய் 1 கிலோவுக்கு:

நன்கு புளித்த தயிர் அரை லிட்டர், தண்ணீர் அரை லிட்டர், கல்லுப்பு 80 கிராம், மஞ்சள்தூள் அரை டீஸ்பூன்.

தயிரைக் கடைந்து, தண்ணீரும் உப்பும் சேர்த்து, உப்பு கரைந்த பிறகு காயைப் போடுங்கள். காய் மூழ்கியிருக்க வேண்டும். மேலே மிதந்தால் ஒரு தட்டைக் கவிழ்த்து வையுங்கள். பாத்திரம் பீங்கான் ஜாடி, மண்சட்டி, கண்ணாடி, எவர்சில்வர் இவற்றில் ஒன்றாக இருக்கட்டும். அலுமினியம் வேண்டவே வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். இரும்பும் ஆகாது, காய் கறுத்துவிடும்.

முதல் ஊறல் ஒரு பகலும் ஓர் இரவும். நடுவில் இரண்டு தடவை கிளறுங்கள். இரண்டாம் நாள் காலை மோரை வடித்து, காயை மட்டும் வெயிலில் பரப்புங்கள். மோரைக் கொட்டாதீர்கள். சாயங்காலம் காயை எடுத்து அதே மோரில் மறுபடி போடுங்கள். பகலில் வெயில், இரவில் மோர் என்று மூன்று அல்லது நான்கு நாள் ஓடும். பகலில் வற்றிய காய் இரவில் மோரைத் தாகமாகக் குடிக்கும். நான்காம் நாள் காலை பாத்திரத்தில் மோர் கிட்டத்தட்டத் தீர்ந்திருக்கும். அதற்குப் பிறகு ஊறல் கிடையாது, வெயில் மட்டும்.

உப்பைக் குறைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். 50 கிராமுக்குக் கீழே போனால் மோர் மூன்றாம் நாள் நூல் விட்டுக் கெட்டுப்போகும், ஏனென்றால் அதைக் காப்பாற்றுவது உப்புதான். கூட்டவும் வேண்டாம். தண்ணீர்தான் ஆவியாகும், போட்ட உப்பு அத்தனையும் காய்க்குள் தங்கும். 1 கிலோ காயிலிருந்து ஏறத்தாழ 300 கிராம் வற்றல் வரும். அதில் 80 கிராம் உப்பு. ஒரு வேளைக் குழம்புக்குப் போடும் 20 கிராம் வற்றலிலேயே 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் உப்பு இருக்கிறது. இந்தக் கணக்கு தெரியாததால்தான் வற்றல் குழம்பு பல வீடுகளில் உப்புக் கரிக்கிறது. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குச் சமைக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

4. வெயில்

பழைய பருத்தி வேட்டி அல்லது பாய் மேல், ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். பிளாஸ்டிக் தாள் அடியில் வியர்க்கும். செய்தித்தாளில் மை ஒட்டும். காலை 9 மணிக்கு வைத்து மாலை 4 மணிக்குள் எடுத்துவிடுங்கள். பொழுது சாய்ந்த பிறகு விட்டால், பகல் முழுக்கப் போன ஈரத்தில் ஒரு பங்கு பனியில் திரும்பி வந்துவிடும். மதியம் ஒரு தடவை கையால் துழாவிப் புரட்டுங்கள்.

ஊறல் நாட்கள் போக, வெறும் வெயில் சித்திரையில் 4 நாள், மற்ற மாதங்களில் 6 முதல் 7 நாள். ஆக, தொடக்கத்திலிருந்து முடிவு வரை 8 முதல் 12 நாள் ஒதுக்குங்கள். ஊருக்குப் போகிற வாரத்தில் தொடங்காதீர்கள்.

அடுக்குமாடி வீட்டில் வெயில் வராது என்றால் உலர்த்தும் கருவியிலோ ஓவனிலோ 60 டிகிரி செல்சியஸில் வையுங்கள். ஊறல் சுற்றுகளை அப்படியே வைத்துக்கொண்டு, பகல் வெயிலுக்குப் பதில் 4 மணி நேரம். கடைசியில் விடாமல் 10 முதல் 12 மணி நேரம். சூட்டைக் கூட்டினால் தோல் சட்டென்று இறுகி, உள் ஈரத்தைப் பூட்டிவிடும். ஓவன் கதவை ஒரு விரல் அளவு திறந்து வைக்காவிட்டால் ஆவி வெளியேறாது.

5. காய்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது

கைப்பிடி எடுத்துக் குலுக்கினால் கூழாங்கல் மாதிரி சலசலக்க வேண்டும். வெயில் ஆறிய பிறகு ஒன்றைப் பிளந்து விதைப் பகுதியை நகத்தால் அழுத்துங்கள். நகம் பதியக் கூடாது. சூடாக இருக்கும்போது சோதித்தால் ஏமாற்றும்.

கடைசிச் சோதனை கண்ணாடி பாட்டில். பாதி அளவு வற்றலைப் போட்டு இறுக மூடி ஒரு பகல் வெளிச்சத்தில் வையுங்கள். உள்பக்கக் கண்ணாடியில் லேசாக ஆவி படிந்தாலும் இன்னும் இரண்டு நாள் வெயில் வேண்டும்.

வற்றல்மேல் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்துப் பலர் பயந்து கொட்டிவிடுகிறார்கள். உப்பு பூத்தாலும் வெள்ளைதான், பூஞ்சை பிடித்தாலும் வெள்ளைதான். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு உடனே கரைந்து மறையும். பூஞ்சை கரையாது, நூல் நூலாக நிற்கும், மண் வாடை அடிக்கும். பூஞ்சை என்றால் அந்த ஒன்றை மட்டும் எடுத்துப்போட்டுவிட்டு மற்றதைச் சாப்பிடாதீர்கள். டப்பா முழுவதும் குப்பைக்குத்தான்.

6. மணத்தக்காளிக்கு என்ன வேறுபாடு

மணித்தக்காளி, மிளகுதக்காளி, சுக்குட்டி என்று ஊருக்கொரு பெயர். காய் மிளகை விடக் கொஞ்சம் பெரிது, தோல் மெல்லியது, அதனால் நசுக்க வேண்டியதில்லை. பச்சைக் காயாகவே எடுத்து, காம்பைச் சுத்தமாக நீக்கி, அதே மோர்க் கலவையில் 1 கிலோவுக்கு 60 கிராம் உப்பு போட்டு இரண்டு இரவு ஊறவிட்டால் போதும். காம்பு நீக்குவதுதான் இதில் பெரிய வேலை. 1 கிலோவுக்கு இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு மாலைப் பொழுது ஓடிவிடும். நீர்ச்சத்து அதிகம், ஆகவே வற்றல் சுண்டையை விடக் குறைவாகத்தான் தேறும்.

எச்சரிக்கை: பச்சை மணத்தக்காளிக் காயைப் பச்சையாகத் தின்னக் கூடாது. உருளைக்கிழங்கு பச்சை பாரித்தால் வரும் அதே வகை நச்சு அதில் உண்டு. வற்றலையும் தொட்டுக்கொள்கிற அளவில்தான் சாப்பிட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் வேலியோரத்தில் நம்மூர்ச் செடி மாதிரியே இருக்கிறது என்று பறிக்க வேண்டாம். அதே குடும்பத்தில் உயிருக்கே ஆபத்தான செடிகள் அங்கே உண்டு.

சுண்டைக்கு அங்கே ஒரு நல்ல வழி இருக்கிறது. தாய்லாந்துக் கறிகளில் பட்டாணி மாதிரி மிதக்கும் சிறு கத்தரி நம் சுண்டைக்காய்தான். தாய் மளிகைக் கடைகளில் பச்சையாகவோ உறைய வைத்தோ கிடைக்கும். உறைந்த காய் உருகியதும் மெத்தென்று ஆகும், அதனால் நசுக்கும்போது விரலால் அழுத்தினால் போதும்.

7. சேமிப்பு

முழுக்க ஆறிய பிறகு, ஈரம் படாத கண்ணாடி பாட்டில் அல்லது ஜாடி. பெரிய டப்பா ஒன்றில் மொத்தமாக அடைக்காமல், ஒரு மாதத்துக்கு ஆகும் அளவாகப் பிரித்து வையுங்கள். தினம் திறக்கும் டப்பாவில்தான் ஈரம் ஏறும். ஈரக் கரண்டி உள்ளே போகக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு பகல் வெயில் காட்டுங்கள். வண்டு நுழைந்த சந்தேகம் இருந்தால் உறைபெட்டியில் 4 நாள் வைத்து, வெளியே எடுத்து, பாட்டில் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள். குளிர்ந்த வற்றலை உடனே திறந்தால் காற்றின் ஈரம் அதன்மேல் படியும்.

8. வறுப்பதும் குழம்பும்

வறுக்க நல்லெண்ணெய். 2 மேசைக்கரண்டி வற்றலுக்கு 1 மேசைக்கரண்டி எண்ணெய், நடுத்தரத் தீ. முதலில் சத்தமே இருக்காது. பிறகு சிடுசிடுவென்று பொங்கி, சாம்பல் நிறம் மாறி ஓரத்தில் காப்பிக்கொட்டை நிறம் வரும். அந்த நொடியில் இறக்கிவிடுங்கள். நாம் விரும்பும் நிறம் வரும்வரை வாணலியில் விட்டால் தட்டுக்கு வரும்போது கருகியிருக்கும், ஏனென்றால் எண்ணெய்ச் சூட்டில் அது இறக்கிய பிறகும் வேகிறது. கருகிய சுண்டையின் கசப்பு வேறு, சுண்டையின் கசப்பு வேறு. முதலாவதை யாராலும் சாப்பிட முடியாது.

குழம்புக்கு, நால்வருக்கு: எலுமிச்சை அளவு புளி, குழம்புப்பொடி இரண்டரை டீஸ்பூன், நல்லெண்ணெய் 4 மேசைக்கரண்டி, வற்றல் 3 மேசைக்கரண்டி, கடுகு, துவரம்பருப்பு, வெந்தயம் கால் டீஸ்பூன், பெருங்காயம், கறிவேப்பிலை, நெல்லிக்காய் அளவு வெல்லம்.

வற்றலை எண்ணெயில் வறுத்துத் தனியே எடுங்கள். அதே எண்ணெயில் தாளித்து, பொடியைத் தீ குறைத்துப் பத்து விநாடி பிரட்டி, உடனே புளித்தண்ணீர். பச்சை வாசனை போக 12 முதல் 15 நிமிடம் கொதிக்க வேண்டும். வற்றலில் பாதியைக் கொதிக்கும்போதே போடுங்கள், குழம்புக்குச் சாரம் இறங்கும். மீதியை இறக்கும்போது போடுங்கள், சாதத்தில் பிசையும்போது மொறுமொறுப்பு கிடைக்கும். உப்பு கடைசியில், ருசி பார்த்த பிறகு. அன்று செய்ததை விட மறுநாள்தான் இந்தக் குழம்பு ருசி.

அங்காயப் பொடிக்கு சுண்டை வற்றல், மணத்தக்காளி வற்றல், காய்ந்த வேப்பம்பூ, தனியா ஒவ்வொன்றும் 2 மேசைக்கரண்டி. மிளகு, சீரகம் ஒவ்வொன்றும் 1 மேசைக்கரண்டி. விரல் கணு அளவு சுக்கு, சுண்டு விரல் நுனி அளவு கட்டிப் பெருங்காயம், ஒரு பிடி கறிவேப்பிலை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுங்கள், வேப்பம்பூவைக் கடைசியாக. அது நொடியில் கருகும். ஆறிய பிறகு பொடியுங்கள். உப்பு தனியாக வேண்டாம், வற்றலிலேயே இருக்கிறது. சூடான சாதத்தில் நெய் விட்டு முதல் பிடிக்கு ஒரு டீஸ்பூன்.

9. நெல்லிமுள்ளியும் பூவந்திக்கொட்டையும்

மலைநெல்லியைக் கொதிநீரில் 5 நிமிடம் போட்டால் சுளை சுளையாகப் பிரியும். கொட்டை நீக்கி, உப்பில்லாமல் 5 நாள் வெயில். கறுத்துச் சுருங்குவது இயல்பு. இதுதான் நெல்லிமுள்ளி. துவாதசிப் பச்சடிக்கு ஒரு பிடியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, தேங்காய், பச்சைமிளகாயோடு அரைத்துத் தயிரில் கலக்கலாம். தலைக்கு என்றால் இரும்புச் சட்டியில் இரவு ஊறவைத்த முள்ளித் தண்ணீர். நெல்லியின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுப்பாகும், அதுதான் நரைக்குச் சாயம். அதே காரணத்தால் சாப்பிட வைத்திருக்கும் முள்ளியை இரும்பில் படவிடாதீர்கள்.

பூவந்திக்கொட்டை, சில ஊர்களில் பூந்திக்கொட்டை, சாப்பிடுவதற்கு இல்லை, துவைப்பதற்கு. காய்ந்த காயை உடைத்து உள்ளே இருக்கும் கறுப்பு விதையை எறிந்துவிடுங்கள். நுரை தருவது மேல் சதைதான். 12 காயின் சதையை 1 லிட்டர் சுடுதண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் பிசைந்து வடிகட்டுங்கள். பட்டுப்புடவைக்கு இதில் 1 குவளையை அரை வாளித் தண்ணீரில் கலந்து, முறுக்காமல் அலசினால் போதும். முதலில் முந்தானை ஓரத்தை நனைத்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். வெள்ளிக் கொலுசு, தங்கச் சங்கிலிக்கு 10 நிமிட ஊறலும் பழைய பல்துலக்கியும். கரைசல் இரண்டு நாளில் புளித்துவிடும், அளவாகச் செய்யுங்கள். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். மீந்ததைக் குளத்திலோ மீன் தொட்டியிலோ ஊற்றினால் மீன் செத்துவிடும்.

இதன் சதை காய்ந்த இலந்தை மாதிரியும் பேரீச்சை மாதிரியும் இருக்கும். சமையலறை அலமாரியில் வைக்காதீர்கள். டப்பாமேல் பெரிய எழுத்தில் பெயர் ஒட்டுங்கள், குழந்தைகள் உள்ள வீட்டில் கட்டாயம்.

10. வாங்கினால், விற்றால், கொண்டு போனால்

வீட்டில் போடுவது கட்டுப்படியாகுமா என்று பார்க்க, பச்சைக் காயின் கிலோ விலையை மூன்றரையால் பெருக்கி, 2 லிட்டர் தயிரின் விலையைக் கூட்டுங்கள். 1 கிலோ வற்றலின் அடக்கம் ஏறத்தாழ அதுதான், உங்கள் உழைப்பு தனி. அதைவிடக் குறைவாகக் கடையில் கிடைத்தால் பொட்டலத்தைச் சாய்த்துப் பாருங்கள்: அடியில் உப்பு குவிந்திருக்கும், காம்பு கலந்திருக்கும், அல்லது கையில் ஒட்டும் ஈரம் இருக்கும். ஈரமும் எடைதானே.

விற்க நினைத்தால் சிறு உற்பத்தியாளருக்கான உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். புகைப்படம், அரசு அடையாள அட்டை, வேலை நடக்கும் இடத்தின் முகவரிச் சான்று தயாராக இருக்கட்டும். கட்டணத்தைத் தளத்திலேயே பார்த்துக் கட்டுங்கள். இடைத்தரகர்கள் சொல்லும் தொகையில் பெரும்பகுதி அவர்களுடைய கூலி. பதிவு கிடைத்ததும் வரும் 14 இலக்க எண்ணைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். கூடவே பொருள்களின் பட்டியல், நிகர எடை, தயாரித்த தேதி, முகவரி, பச்சைப் புள்ளி. பட்டியலில் தயிரை எழுத மறக்காதீர்கள், பால் ஒவ்வாதவர்கள் இருக்கிறார்கள்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோவோர் கவனிக்க: அமெரிக்காவின் மத்திய அரசுக் களைப் பட்டியலில் சுண்டைச் செடி இருக்கிறது. முழு வற்றலில் விதை அப்படியே இருப்பதால் விமான நிலையத்தில் அதிகாரிகள் பறிமுதல் செய்யலாம். ஆஸ்திரேலியாவிலும் விதையுள்ள எந்தப் பொருளையும் வந்திறங்கும் பயணிகள் நிரப்பும் அட்டையில் அறிவிக்க வேண்டும். அறிவித்த பொருளை எடுத்துக்கொண்டால் பொருள் மட்டும்தான் போகும். மறைத்து அகப்பட்டால் அபராதம். வீட்டுப் பொட்டலத்தை விட, ஆங்கிலத்தில் பொருள் பட்டியல் அச்சிட்ட கடைப் பொட்டலம் நல்லது, பிரிக்காமல் கொண்டுபோங்கள். விதை உடைந்து மாவாகிப்போன அங்காயப் பொடிக்கு இந்தத் தொல்லை குறைவு. அதையும் அறிவித்துவிட்டே கொண்டுபோங்கள், முடிவு அந்த அதிகாரி கையில்தான்.